புகை எண்ணும் வண்டி

காலையில் கதவைத் திறந்த சுகுணா, வாசலில் கோலம் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கதவை மறுபடி சாத்தினாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். மறுபடி திறந்தபோதும் அது அங்கேயேதான் கிடந்தது. சாணம் தெளித்துப் பெருக்கி, ஈரம் காயாத தரையில் பச்சரிசி மாவால் போட்ட சிக்குக் கோலம். அவளுக்குத் தெரிந்த கோலம் இல்லை, அந்தத் தெருவில் யாரும் போட்டு அவள் பார்த்ததும் இல்லை.

புருஷன் நிலவழகன் போய் மூன்று மாதம்தான் ஆகிறது. சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை கோலம் கிடையாது என்பது தெருவில் மண் விளையாடும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். யாரோ விளையாட்டுக்குச் செய்திருந்தால் அவசரம் தெரியும், கோடு நடுங்கியிருக்கும். இதில் எந்த அவசரமும் இல்லை. தன் வீட்டு வாசலில், தன் நேரத்துக்கு, நிதானமாகப் போட்டவளின் கை.

ஹரிணியை எழுப்பிக் கேட்டாள்.

"நீயா போட்ட?"

"என்னத்தம்மா?"

"கோலம்."

"எனக்குப் புள்ளியே ஒழுங்கா வைக்கத் தெரியாது" என்று ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

சுகுணா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்து அழித்தாள். எதிர்வீட்டு முத்துமாரியம்மாள் அதற்குள் பார்த்துவிட்டாள். அவள் பார்க்காமல் லைன்குடியில் ஒரு கோழிகூட முட்டையிட முடியாது.

"ஏண்டி, வருசம் திரும்பலையே, அதுக்குள்ள என்னடி கோலம்?"

"நான் போடலக்கா."

"பின்ன நானா வந்து போட்டேன்? எந்தக் கொள்ளையில போவாளோ செஞ்சிருக்கா. நல்லாத் தேச்சு விடு."

முத்துமாரியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் குவைத்திலிருந்து அவன் உடம்போடு பெட்டி வந்து இறங்கிய அன்று, விழப்போன சுகுணாவை இடுப்போடு சேர்த்துப் பிடித்து நின்றது அவள்தான். அன்றிலிருந்து சுகுணாவுக்கு எதுவும் உறைப்பதில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று ஹரிணி சொன்னால்தான் தெரியும். அழுகையும் வரவில்லை. அதை ஊர் ஒரு மாதிரியாகப் பேசியது, அந்தப் பேச்சும் உறைக்கவில்லை. சாயங்காலம் மினிபஸ் நின்று, பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு ஹரிணி இறங்கும்போது மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று புரண்டு படுக்கும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் நேற்றுச் சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. நேற்று அவள் தன் வீட்டில் புகை காட்டவில்லை.

அதைப் புரிந்துகொள்ள இந்த ஊரின் கதை தெரிய வேண்டும். பெரிய கதை இல்லை. நார்த்தாமலைப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கல்வெட்டு உண்டு, ராஜா உண்டு. லைன்குடிக்கு இருந்தது தண்டவாளம் மட்டும்தான். ரயில் லைன் போட்ட காலத்தில் இங்கே பாறையும் ஈச்சம்புதரும் நரியும் தவிர ஒன்றும் கிடையாது. ஆள் ஏறி இறங்காத இடத்தில் வண்டியை நிறுத்தி என்ன செய்வது? குடி வருகிறவர்களுக்கு நிலம் சும்மா என்று அந்தக் காலத்து ஆபீஸ் ஒன்று தண்டோரா போட்டது. காடு திருத்தி, குடிசை போட்டு, விடாமல் குடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மழை பொய்த்த ஊர்களிலிருந்து சனங்கள் மூட்டையும் பானையுமாக வந்து இறங்கினார்கள்.

நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு நழுவுகிறவர்களைப் பிடிக்க அந்த ஆபீஸ் ஒரு வழி வைத்திருந்தது. சாயங்கால வண்டியில் ஒருவர் வருவார். இறங்க மாட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, விரலை வெளியே நீட்டி, கூரைகளுக்கு மேலே எழும்பும் புகையை எண்ணிக்கொண்டே போவார். புகை இல்லாத வீட்டில் ஆள் இல்லை என்று முடிவு. விடியற்காலை வண்டியில் வேறு குடும்பம் வந்து இறங்கும். காய்ச்சலா, சாவா, விறகு நனைந்துவிட்டதா என்று கேட்பதெல்லாம் கிடையாது. வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் சொல்லி சுகுணா கேட்டதில்லை.

அந்த ஆபீஸ் போயிற்று. கரி எஞ்சின் போயிற்று. ஸ்டேஷனையே மூடிவிட்டார்கள். பிளாட்பாரத்தில் இப்போது ஆடு படுத்திருக்கிறது, கரண்ட் வண்டி நிற்காமல் பறக்கிறது. ஆனாலும் ஆறு மணி வண்டிக்கு முன்னால் கொல்லை அடுப்பை மூட்டிப் புகை காட்டாத வீடு லைன்குடியில் கிடையாது. கேஸில் சமைத்து முடித்தவர்களும் நாலு தென்னமட்டையைக் கொளுத்துவார்கள். பீட்டர் வீடு வேதக்கார வீடு, ஊரில் இருந்தவரை ஜெபத்தை முடித்துவிட்டு அவர்களும் கொளுத்தினார்கள். திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் அக்கம்பக்கத்தில் சாவியைக் கொடுத்து, "பொகை மட்டும் காட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எதற்கு என்று கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே காட்டுவார்கள்.

சுகுணாவிடம் அப்படி நாலு வீட்டுச் சாவி இருந்தது. நேற்று மூன்று வீட்டில் மூட்டிவிட்டுக் கடைசியாகப் பீட்டர் வீட்டுக்குப் போனாள். மூட்டிவிட்டு, அந்த வீட்டு அடுப்பங்கரையில் சும்மா உட்கார்ந்தாள். யாரும் சாகாத வீடு. சுவரில் படம் இல்லை, படத்தில் மாலை இல்லை. வெறுந்தரை குளுகுளுவென்று இருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தவளை எழுப்பியது ஆறு மணி வண்டியின் சத்தம். அட, நம்ம வீடு என்று நினைத்தாள். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்க் கேஸில் தோசை ஊற்றி ஹரிணிக்குக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் புகை காட்டிவிட்டுத் தன் வீட்டை விட்டவள். கோலத்தைத் தேய்த்துக்கொண்டே சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

ஹரிணி பள்ளிக்கூடம் போன பிறகு தையல் மிஷினில் உட்கார்ந்தாள். மத்தியான வெயிலில் தெரு அடங்கிக் கிடந்தது. மிஷின் சத்தத்துக்கு அடியில், உள்ளறையில், கனமான தகரப் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அவள் காலை நிறுத்தினால் அதுவும் நின்றது, அவள் மிதித்தால் அதுவும் இழுபட்டது, அதோடு கூடவே நனைந்த சாக்கும் கரிப்புகையும் பல நாள் குளிக்காத உடம்பும் கலந்த ஒரு வாடை கதவிடுக்கு வழியாக வந்து தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் துணியில் ஏறியது. எழுந்து போய்ப் பார்த்தாள். உள்ளறையில் யாரும் இல்லை. அடுப்பங்கரையில் கேஸ் அடுப்பு ஓரமாக நகர்த்தப்பட்டிருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு மண்சட்டி, அதில் களைந்த அரிசி ஊறிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் மண்சட்டியே கிடையாது.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. வெந்நீரில் கையை விட்டுவிட்டு எப்போது சுடும் என்று பார்ப்பதுபோல, சட்டியைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு மறுபடி போய்த் தைத்தாள்.

சாயங்காலம் மினிபஸ்ஸிலிருந்து ஹரிணி இறங்கி வந்தாள். சடையை வழித்துச் சீவி, காதுக்கு மேல் தூக்கி, இறுக்கமாக மடித்துக் கட்டியிருந்தது. பழைய போட்டோக்களில் இருக்கும் பெண்பிள்ளைகளின் சடை.

"இது யாரு பின்னி விட்டது?"

"நீதான்."

"நானா?"

"காலைலம்மா. அடுப்படில உக்கார வச்சு. ஒன் கை சில்லுனு இருக்குன்னு சொன்னேன்ல? நீகூட ஒண்ணும் பேசல."

காலையில் சுகுணா வாசலில் கோலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஹரிணி உள்ளே தனியாக இருந்தாள்.

அப்போதுதான் சுட்டது.

பையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். மற்ற நாலு வீட்டிலும் அன்று மினிபஸ் வருமுன்னே மூட்டிவிட்டு வந்திருந்தாள். மட்டை, பன்னாடை, காய்ந்த கருவேல முள், கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடுப்பில் திணித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். மேலே ஈரத் தழையைப் போட்டாள். புகை திரண்டு, வெள்ளையாக, முருங்கை மரத்துக்கு மேலே ஏறி நின்றது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. வண்டி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டி வந்தது. இத்தனை வருடமாக வண்டியைப் பார்த்திருக்கிறாள், ஜன்னல்களைப் பார்த்ததில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிக்கு முந்தின பெட்டியில், கம்பிகளுக்கு நடுவே, ஒரு விரல் வெளியே நீண்டிருந்தது. மேலே ஏறி, தாழ்ந்து, ஏறி, தாழ்ந்து, ஒவ்வொரு கூரையாக. அவள் வீட்டுக்கு நேரே வந்து, ஒருமுறை தாழ்ந்தது. போய்விட்டது.

அப்பாடா என்று திரும்பினாள். அடுப்பங்கரை ஓட்டு இடுக்கிலிருந்து இன்னொரு புகை எழும்பிக்கொண்டிருந்தது. மெல்லிய, நேரான, நன்றாகக் காய்ந்த விறகின் புகை.

விரல் ஒருமுறைதான் தாழ்ந்தது.

அன்று அவள் ஹரிணியின் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள். விடிந்து கண் விழித்தபோது பிடித்திருந்தது தலையணை ஓரத்தை. அடுப்பங்கரையில் ஹரிணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுகுணா எதிரே போய் உட்கார்ந்தாள். மகளின் பார்வை அவள் தோளைத் தாண்டிப் பின்னால் எங்கேயோ இருந்தது.

"இன்னொண்ணு வைய்யி" என்றாள் ஹரிணி.

இட்லிச் சட்டியை எடுக்க சுகுணா எழுவதற்குள் தட்டில் இட்லி இருந்தது. ஹரிணி தின்றாள், கை கழுவினாள், பையை மாட்டினாள்.

"போய்ட்டு வாரேம்மா" என்றாள், அடுப்பைப் பார்த்து.

சுகுணா தெருவைத் தாண்டி ஓடினாள். முத்துமாரியம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, முந்தாநாள் நான் பொகை காட்டல."

முறம் நின்றது. "எந்த வீட்டுக்குடி?"

"என் வீட்டுக்கு."

முத்துமாரியம்மாள் தெருவின் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தாள்.

"அடிப்பாவி மகளே. யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லக்கா. வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க. ஹரிணி என்னைப் பாக்க மாட்டேங்கிறா. அந்தக் காலத்துல பொகை காட்டாம விட்டவங்க எங்கக்கா போனாங்க?"

"எங்கயும் போகல. எங்க அப்பாரு சொல்லுவாரு. மூட்டைய எடுத்துக்கிட்டு அந்தச் சாயங்கால வண்டியில ஏறிக்கிருவாங்களாம். எறங்குறதுக்கு ஊரு ஏது? தெனம் அதுலயே வருவாங்க, போவாங்க. எந்த வீட்லயாச்சும் அணையாதான்னு பாத்துக்கிட்டே."

"எத்தன நாளைக்கி?"

"அணையிற வரைக்கும்." முத்துமாரியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "நீ உக்காரு. மூஞ்சியே செத்துப்போச்சு. ஒரு வாய் காப்பி கொண்டாரேன். குடிச்சிட்டு ரெண்டு பேரும் சேந்து போயிப் பாப்போம், எவ இருக்கான்னு."

உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம், சர்க்கரை டப்பா திறக்கும் சத்தம். சுகுணாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. டம்ளரோடு வெளியே வந்த முத்துமாரியம்மாள் வாசற்படியிலேயே நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க. யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

"அக்கா."

"ஒக்காருங்க, ஒக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. பஸ்ஸுல வந்தீங்களா?"

"அக்கா, நான் சுகுணா."

"சுகுணாவையா பாக்க வந்தீங்க? எதுத்த வீடுதான்." கழுத்தை நீட்டிக் கூப்பிட்டாள். "ஏ சுகுணா! ஒன்னையத் தேடி யாரோ வந்திருக்காங்க பாரு!"

எதிர்வீட்டுக்குள்ளிருந்து, நிதானமாக, ஒரு குரல் வந்தது.

"வாரேங்க்கா."

சுகுணா ஓடினாள். எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. வயல் வரப்பில் உட்கார்ந்தாள், கருவேலங்காட்டு நிழலில் உட்கார்ந்தாள், எழுந்து நடந்தாள். எதிரே வந்தவர்கள் எல்லாரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் மறக்கட்டும், வீடு போகட்டும், பிள்ளை போதும். மினிபஸ் வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கே போய்விடலாம்.

மினிபஸ் வந்தது. ஹரிணி இறங்கினாள்.

"ஹரிணி!"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் பயம் இல்லை, வெறுப்பும் இல்லை. தெரியாதவர்களுக்கு வைத்திருக்கிற மரியாதைதான் இருந்தது. கையைப் பிடித்த சுகுணாவிடமிருந்து மெதுவாக விரல்களை விடுவித்துக்கொண்டாள்.

"யாருங்க வேணும்? எங்க அம்மாவையா?"

நடந்துவிட்டாள். சுகுணா பின்னாலேயே போனாள். வாசலில் புதிதாகக் கோலம் கிடந்தது. அதை மிதிக்க அவளுக்குக் கால் வரவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

உள்ளே சுவரில் நிலவழகனின் படம் இருந்த ஆணியில் காலண்டர் தொங்கியது. தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. துண்டு போட்ட ஒரு ஆள் தரையில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தான். ஒரு பெண் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோறு போட்டாள். கூந்தல் சுகுணாவின் கூந்தல் இல்லை, கட்டியிருந்தது சுகுணாவின் புடவை. ஹரிணி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து எதையோ சொன்னாள். அந்த ஆள் ஏதோ பதில் சொன்னான்.

"போப்பா" என்றாள் ஹரிணி. சிரித்தாள்.

மூன்று மாதமாக அவள் சிரிக்கவில்லை. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். சுகுணாவுக்கு ஜன்னலைத் தட்ட வேண்டும், கத்த வேண்டும். கை எழவில்லை.

"அம்மா, வெளிய ஒருத்தவங்க நிக்கிறாங்க."

"தண்ணி குடுத்து அனுப்பு" என்றது அந்தக் குரல்.

ஹரிணி செம்போடு வெளியே வந்தாள். "இந்தாங்க" என்று இரண்டு கையாலும் கொடுத்தாள். சுகுணா வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்ததும் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஹரிணி உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வாசற்படி ஓரத்தில் ஒரு மூட்டை இருந்தது, இறுக்கமாகக் கட்டி. அது தன்னுடையது என்று சுகுணாவுக்குத் தெரிந்தது. எடுத்துக்கொண்டாள்.

பிளாட்பாரம். ஆடுகள் எழுந்து போயின. தண்டவாளம் அதிர்ந்தது. பிரேக். இரும்போடு இரும்பு உரசும் நீளமான சத்தம். கரிப்புகை. வண்டி நின்றது.

யாரும் இறங்கவில்லை. உள்ளே உட்கார இடம் இல்லை. நின்றுகொண்டிருந்தார்கள். கொண்டை போட்ட பெண்கள், குடுமி வைத்த ஆண்கள், பேன்ட் போட்ட ஒருவன், கைக்குழந்தைக்காரி. எல்லார் காலடியிலும் மூட்டை. யாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எல்லா முகமும் ஜன்னல் பக்கம், கூரைகளின் பக்கம் திரும்பியிருந்தது. அவளுக்கு நகர்ந்து இடம் விட்டார்கள்.

வண்டி மெதுவாக அசைந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரின் முகம் தெரியவில்லை, நீட்டிய கை மட்டும் தெரிந்தது. விரல் ஏறியது, தாழ்ந்தது.

தன் வீடு வந்தது. கொல்லையில் ஹரிணி குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பெண் விறகைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புகை நேராக நின்றது. விரல் தாழ்ந்தது. சுகுணா அந்தப் பிள்ளையை உற்றுப் பார்த்தாள். களையான பிள்ளை. பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்து, நின்றுவிட்டது.

அடுத்த கூரை. புகை. அடுத்தது. புகை. தெரு முனை.

பீட்டர் வீட்டுக் கூரைக்கு மேலே ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்கு மேலேயும் இல்லை. அவளிடம் சாவி இருந்த நாலு கூரை, வரிசையாக, வெறும் வானம்.

விரல் தாழவில்லை.

பெட்டிக்குள் ஒரு மூச்சு எழுந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து மூட்டையைக் கையில் எடுத்தார்கள். சுகுணாவும் எடுத்தாள். முண்டியடித்து, கைக்குழந்தைக்காரியை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு, கதவோரம் முதல் ஆளாக வந்து நின்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.